காலிப் பேருந்தில் பொங்கிய மாவு

ஊரைக் கணக்கெடுக்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள், நல்லது. வெயிலைத் தாங்கும் தோலும், எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் குடித்துவிடுகிற வயிறும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியைப் பற்றி நம் ஆபீஸில் உங்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஷார்ஜாவிலேயே வீட்டுக்காரரோடு இருக்கிறேன். அவர் இன்னும் டியூட்டிக்குப் போகிறார், எனக்குப் பகலெல்லாம் பொழுது கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

டேப்லெட்டில் கேள்விகளைத் தட்டுவது, வரைபடம் போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஒரு கம்பெனி எங்கேயாவது கடை திறக்கவோ மூடவோ நினைத்தால், அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது நம் தொழில். பார்த்ததை எல்லாம் சொல்லலாமா என்ற கேள்வி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்குக் கையேடு உதவாது, மேலாளர் போனில் கத்திக்கொண்டிருப்பார். எனக்கு அது வந்தது ஒரு மலையூரில்.

ஊரின் பெயர் வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து கிழக்கே போனால் மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். கல் குவாரி ஒன்று, அதை ஒட்டி ஊர். ஆடும் பேரீச்சந் தோட்டமும் வைத்திருக்கும் உள்ளூர் அரபுக் குடும்பங்கள் கொஞ்சம். ஒரு பள்ளிவாசல், ஒரு மளிகைக் கடை, ஒரு டீக்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, சலூன். குவாரித் தொழிலாளர்களுக்குக் கேம்ப். கேம்புக்குச் சற்றுத் தள்ளி, சூப்பர்வைசர்களும் இன்ஜினியர்களும் குடும்பத்தோடு இருக்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடுகள், இரண்டே வரிசை. பிள்ளைகளுக்குப் பக்கத்து டவுனில் பள்ளிக்கூடம், அதன் வேன் தனியாக வந்து ஏற்றிக்கொள்ளும். இது போக, தினமும் காலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று குடும்ப வீடுகளிலிருந்து கிளம்பி ஷார்ஜாவில் கடைகள் நெருங்கிய ரோலா பகுதிக்குப் போய் மாலையில் திரும்பும்.

அந்தக் குவாரியைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. வாங்கியவர்களுக்கு எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கண். பேருந்தை நிறுத்திவிடலாம், குடும்ப வீடுகளைக் காலி செய்து பேச்சிலர் ரூம்களாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார்கள். குடும்பங்கள் ஊருக்குப் போகட்டும், ஆண்கள் தனியாக இருந்து வேலை பார்க்கட்டும் என்பது அதன் பொருள். முடிவெடுக்கும் முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். குவாரியை விட்டால் அந்த ஊருக்கென்று தனியாக ஒரு வாழ்க்கை இருக்கிறதா? குடும்பங்கள் அங்கே இருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?

நானும் மதுரைக்காரரான பாலாவும் போனோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆண்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்டால் கதவு திறக்காது, அதனால் வீடுகள் எனக்கு. கடைகளும் கேம்பும் பேருந்தும் பாலாவுக்கு. அவர் பேருந்து நிற்கும் இடத்தில் சில நாள் காலையில் நின்று ஏறுகிறவர்களை எண்ணினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கர்ப்பிணி, விசா வேலையாகப் போகிற ஒருவர், சும்மா ஊர் சுற்றக் கிளம்பிய இரண்டு பேர், அவ்வளவுதான். பெரிய பேருந்து, பாதிக்கு மேல் திரை இழுத்துவிட்டுக் காலியாகப் போனது. நான் போன வீடுகளிலும் ஒரே பதில். என்ன வேலை செய்கிறீர்கள் என்றால், வேலை எதுவும் இல்லை, வீட்டில்தான் என்றார்கள். தர்ஷினி என்று யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, குவாரி லாரிகளை எடை போடும் மேடையின் சூப்பர்வைசருடைய மனைவி, மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் மரியாதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, அறிக்கை தானாகவே எழுதிக்கொண்டது. ஆண்கள் குவாரிக்குப் போகிறார்கள், பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள், பேருந்தில் ஆள் இல்லை, குவாரி போனால் ஊரும் போய்விடும். கோயம்புத்தூர்க்காரரான எங்கள் மேலாளர் போனிலேயே குளிர்ந்துபோனார். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அடுத்த வேலை என்பது அவருடைய ஒரே தத்துவம்.

கடைசி நாள் பாலா ஆபீஸ் காரை எடுத்துக்கொண்டு ஜெபல் அலியில் வேறு ஒரு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. நான் காலையில் அந்தக் கம்பெனிப் பேருந்திலேயே ரோலாவுக்குக் கிளம்பினேன். ஓட்டுநர் ஒரு பட்டாணியர், எல்லோரும் கான் பாய் என்று கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் கோணியது. முன்னால் உட்காருங்கள், பின்னால் ஏசி வேலை செய்யவில்லை என்றார். முன்னாலும் செய்யவில்லை என்பது மலை இறங்கத் தொடங்கியதும் தெரிந்தது.

கோடைக்காலம். அந்தச் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழியில் பின்னாலிருந்து டப் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு புளித்த வாசனை வந்தது. குனிந்து பார்த்தால், இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் வெள்ளையாக ஏதோ என் செருப்பை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. திருச்சியில் பிறந்தவளுக்கு இட்லி மாவைக் கண்ணாலேயே தெரியும்.

கான் பாய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தார். நான் அதற்குள் பின்பக்கத் திரையை விலக்கியிருந்தேன். வெயிலில் மாவு பொங்கி ஒரு வாளியின் மூடியைத் தூக்கி எறிந்திருந்தது. அந்த வாளிக்குப் பக்கத்தில் இன்னும் வாளிகள். இருக்கைகளின் மேலும் கீழும் துணிப்பைகள், அட்டைப்பெட்டிகள், தேன் பாட்டில்கள், நெய் டப்பாக்கள், தைத்து மடித்த ரவிக்கைகள், தூள் பாக்கெட்டுகள், முறுக்கு, வடை. ஆள் உட்கார ஒரு இடம் பாக்கி இல்லை. பாலா எண்ணியது சரிதான், ஆட்கள் ஏறவில்லை. சரக்கு அதற்கு முன்பே, வண்டி வீடுகளின் பின்பக்கம் நிற்கும்போதே ஏறிவிட்டிருந்தது.

கான் பாய் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். தான் இதற்குக் காசு வாங்குவதில்லை என்றும், பெண்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள், தானும் தங்கைகளுக்குச் செய்வதாக நினைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும், கம்பெனிக்குத் தெரிந்தால் கலாஸ், தன் கதை முடிந்தது என்றும் ஹிந்தியில் சொன்னார். நான் பழைய செய்தித்தாளை எடுத்து மாவை வழிக்கத் தொடங்கினேன். அவரும் உட்கார்ந்து வழித்தார். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை நாள் அந்த வீடுகளில் சாயா குடித்திருக்கிறேன், ஒருத்தி வாயைத் திறக்கவில்லையே என்ற கோபம்.

ரோலாவில் பேருந்து நின்றதும் பார்த்தேன். சொந்தக்காரர்களை அழைத்துப்போக வந்தவர்கள் மாதிரி ஒரு கூட்டம் காத்திருந்தது. அவரவர் பையை அவரவர் எடுத்துக்கொண்டு, மாலையில் திரும்பப் போகிற பைகளைக் கான் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்து, பழுது பார்த்த போன், பள்ளிக்கூட நோட்டு, ஜாக்கெட் துணி என்று திரும்பிப் போகிறதும் நிறைய இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, எழுதி வைத்திருந்த அறிக்கை மொத்தமும் தப்பு என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போகாமல் டாக்ஸி பிடித்து மறுபடி மலைக்கே போனேன்.

நேராகத் தர்ஷினி வீட்டுக் கதவைத் தட்டினேன். கான் பாய் அதற்குள் போன் போட்டுச் சொல்லியிருப்பார் போல, அவள் முகம் வெளுத்திருந்தது. மாவுக்குச் சொந்தக்காரியான நாகர்கோவில்காரி அந்த வீட்டுப் படுக்கையறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தாள், திரைக்குக் கீழே கால் தெரிந்தது. வெளியே வாம்மா, மாவு நல்ல பதம், வழிக்கவே மனசு வரவில்லை என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தபடி வந்தாள்.

பிறகு தர்ஷினி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வறுத்த மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் செய்கிறாள். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி பலகாரம். உள்ளூர் அரபுப் பெண்களின் தேனும் நெய்யும் அதே வண்டியில்தான் போகின்றன. அவர்களில் மூத்தவரான உம்மு காலித் மட்டும் வீட்டிலிருந்து தொழில் செய்யும் அனுமதியை முறையாக வாங்கி வைத்திருந்தார். இவர்களுக்கு அது இல்லை. கணவனின் விசாவில் வந்த மனைவிகள், வேலை செய்ய பெர்மிட் கிடையாது. கம்பெனி வீட்டில் வியாபாரம் செய்யக் கூடாது என்று குடிவரும்போதே கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். தெரிந்தால் கணவர்களின் வேலைக்கே ஆபத்து.

ஆனால் இந்தத் தொழில் இருப்பதால்தான் இவர்கள் இங்கே இருக்க முடிந்தது. ஒரு சூப்பர்வைசர் சம்பளத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிக் குடும்பம் நடத்த முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பெண்கள் அடுப்பில் நிற்பதால் குடும்பங்கள் தங்கியிருந்தன. குடும்பங்கள் தங்கியிருந்ததால் மளிகைக் கடையும் டீக்கடையும் சலூனும் உயிரோடு இருந்தன. அந்த ஊரின் பொருளாதாரம் என்று நான் தேடியது அத்தனையும் கான் பாயின் பின் இருக்கையில் கிடந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உண்மையை எழுதாவிட்டால், காலிப் பேருந்து என்ற பேச்சே நிலைத்துவிடும். பேருந்து நின்றுவிடும், வீடுகளைக் காலி செய்வார்கள். தர்ஷினி தன் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போவாள், அவள் கணவர் கேம்பில் ஒரு கட்டிலுக்குப் போவார். உண்மையை எழுதினால், அதே வீட்டுக்கு வேறு வழியில் ஆபத்து. பெயரைப் போடாமல் எழுதலாமே என்பீர்கள். நம் தொழிலில் அதுதான் வழக்கம், பெருநகரத்தில் அது போதும். ரோலாவில் சில பெண்கள் வீட்டிலிருந்து மாவு விற்கிறார்கள் என்று எழுதினால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டே வரிசை வீடுகள் உள்ள இடத்தில் அப்படி எழுதினால் வீட்டு எண்ணைப் பலகையில் எழுதி மாட்டுவதற்குச் சமம். சிறிய ஊருக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள்.

மேலாளருக்குப் போன் செய்து, அறிக்கை தாமதமாகும் என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மனிதர் கொதித்துப்போனார்.

“ஏனுங்க மேடம், எண்ணச் சொன்னாங்க, எண்ணியாச்சு. எண்ணுனதக் குடுத்துப்போட்டு வராம அங்க என்னங்க பண்றீங்க?”

எண்ணியது தப்பு என்றேன். பாலா தப்பாக எண்ணினாரா என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் எண்ணினார் என்றேன். மனிதருக்கு மேலும் கோபம் வந்துவிட்டது. வந்ததும் முழுதாகச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மாலை தர்ஷினியின் கணவர் நேசன் டியூட்டி முடிந்து வந்தார். தூசி படிந்த சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொன்னேன். எழுதாவிட்டால் இது நடக்கும், எழுதினால் இது நடக்கலாம், நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அப்படிச் சொல்லாமல் நானே முடிவு செய்துகொண்டு போயிருக்கலாம். அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தர்ஷினி கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ர பேரைப் போட்டு எழுதுங்கோ அக்கா. மற்ற ஆக்களை விடுங்கோ. நான் ஒராள் செய்யிறன் எண்டு எழுதினா அவைக்கு விளங்கும்தானே, பஸ் வேணும் எண்டு.”

நேசன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தச் சம்மதத்தை வாங்கிக்கொண்டு போவது மிகச் சுலபம். கையெழுத்தே வாங்கிக்கொள்ளலாம், பிறகு என்ன நடந்தாலும் நம் ஆபீஸுக்குப் பொறுப்பில்லை. ஆனால் வீடு போகிற பயத்தில் ஒருத்தி கொடுக்கிற சம்மதம் சம்மதமா? உன் பெயரை எழுத மாட்டேன் தர்ஷினி, வேறு வழி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேறு வழி என்னவென்று அப்போது எனக்கே தெரியாது.

வழி டாக்ஸியில் திரும்பும்போது தோன்றியது. சரக்கை ஏறுமிடத்தில் எண்ணினால் வீடு தெரியும். இறங்குமிடத்தில் எண்ணினால் தெரியாது. மறுநாளே பாலாவை இழுத்துக்கொண்டு ரோலாவில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு எக்ஸ்சேஞ்ச் கடையின் நிழலில் சில நாள் நின்று, இறங்குகிற பைகளை எண்ணினோம், வாங்க வந்தவர்களிடம் பேசினோம். யார் அனுப்பியது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எதற்காக வாங்குகிறீர்கள், இந்த வண்டி நின்றால் என்ன செய்வீர்கள், இவ்வளவுதான் கேள்வி.

ஒரே ரூமில் சேர்ந்து சமைக்கும் பேச்சிலர் பையன்கள் வந்தார்கள், இந்த மாவு இல்லாவிட்டால் காலையில் கடையில் விற்கும் குபூஸ் ரொட்டிதான் என்றார்கள். சின்ன கேஃபடீரியா நடத்தும் மலையாளி ஒருவர் முறுக்கு மூட்டைகளுக்கு வந்தார். பிள்ளை பெற்ற மனைவியின் பத்தியக் கறிக்குப் போடும் சரக்குத்தூள் வாங்க ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் தினமும் வந்து நின்றார். அவருடைய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லையாம், பத்தியச் சமையல் இவர்தான். தூள் கைக்கு வந்ததும் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் அடைந்த நிம்மதியைப் பாலா வெகுநாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இடையில் உம்மு காலிதைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு எந்தப் பயமும் இல்லை. தன் தேனைப் பற்றித் தாராளமாக எழுது, பெயரைப் பெரிதாகப் போடு என்று அரபியும் ஹிந்தியும் கலந்து அதட்டினார். மற்ற பெண்களைப் பற்றி நான் வாயைத் திறக்கும் முன்பே, அவர்கள் கதை எனக்குத் தெரியும், இப்படித் திருட்டுத்தனமாக எத்தனை நாள் ஓட்டுவது, என் லைசன்ஸை விரிவாக்கி ஒரு சமையல்கூடம் வைத்தால் பெர்மிட் வாங்கிக்கொடுக்கலாம், கணவனின் கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்தால் போதும் என்றார். நான் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். இந்த ஊரில் அனுமதி பெற்று வீட்டுத்தொழில் செய்யும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, கம்பெனி ஊழியர்களின் குடும்பத்தினருக்கும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் தடையில்லாமல் கிடைத்தால் அது வளரும் என்று.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டு விவரம் இல்லாத அறிக்கையை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், பிரச்சினை இல்லை என்றும் ஒரு யோசனை சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இதை முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்ததைத் தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்கிற எந்த எண்ணையும் அவர்கள் நம்பத் தேவையில்லை.

கூட்டம் குவாரி அலுவலகத்தில் நடந்தது. புது நிர்வாகி எகிப்துக்காரர், கண்ணியமானவர், அறிக்கையை உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். அது நம் தொழிலில் அபூர்வம். முதல் கேள்வியே நறுக்கென்று வந்தது. பேருந்தில் ஆளே ஏறுவதில்லை என்று உங்கள் எண்ணிக்கையே சொல்கிறது, அப்புறம் எதற்குப் பேருந்து?

ஆள் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். பொருள் போகிறது, தேவையானது வருகிறது, அதனால்தான் அந்த மலைக்குள் குடும்பங்கள் இருக்க முடிகிறது. பேருந்தை நிறுத்தினால் குடும்பங்கள் போகும், குடும்பங்கள் போனால் அனுபவப்பட்ட சூப்பர்வைசர்களில் பாதிப்பேர் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், பாலாவிடம் அவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். குடும்ப வீடுகளில் யார் யார் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டார்.

“சில வீடுகளை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீங்கள் எடுக்கப் போகிற முடிவுக்கு அது தேவையும் இல்லை.”

ஆங்கிலத்தில் சொன்னதால் இன்னும் முரட்டுத்தனமாகக் கேட்டிருக்கும். அவர் என்னை விட்டுவிட்டு எங்கள் மேலாளரைப் பார்த்தார். சரி, இத்தோடு நம் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மேலாளர் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார். தங்களை வீட்டுக்குள் விட்டவர்களின் பெயரை வெளியே சொன்னால் அடுத்த ஊரில் ஒரு கதவும் தங்களுக்குத் திறக்காது, அப்புறம் இந்த ஆபீஸை மூட வேண்டியதுதான் என்றார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார், ஆனால் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நிர்வாகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார்.

“இனிமே இப்படி ஏதாச்சும் பண்றதா இருந்தா முந்தியே சொல்லிப்போடுங்க மேடம். நெஞ்சு இன்னும் படபடங்குது” என்றார் மேலாளர், காரில்.

கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பேருந்து நிற்கவில்லை. பின் இருக்கைகளைக் கழற்றி அலமாரி வைத்தார்கள், பைக்கு ஒரு சின்னக் கட்டணமும் போட்டார்கள். அதற்காகப் பெண்கள் என்னைத் திட்டினார்கள், கான் பாய் சும்மா கொண்டுபோனதைக் கெடுத்துவிட்டேனாம். உம்மு காலிதின் சமையல்கூடம் வர நாளானது, ஆனால் வந்தது. கம்பெனி கடிதம் கொடுத்தது, பெர்மிட்டும் கிடைத்தது. இரண்டு குடும்பங்கள் மட்டும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் முன்பே ஊருக்குப் போய்விட்டன. அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

முடிவு வந்த அன்று மேலாளர் சொன்னதும் நான் தர்ஷினிக்குத்தான் முதலில் போன் செய்தேன். பேருந்து ஓடும், வீடுகளைக் காலி செய்யப் போவதில்லை என்றேன்.

“அப்ப நாங்கள் போகத் தேவையில்லையோ அக்கா?”

யாரும் போக வேண்டாம் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் குரல் இன்னும் இறங்கியது.

“பிள்ளையின்ர டீசியை பள்ளிக்கூடத்தில வேண்டிட்டன் அக்கா. மாசக் கடைசி வரைக்கும் வகுப்புக்கு வரலாம் எண்டவை. பிள்ளைக்கு இன்னும் சொல்லேல்லை. திருப்பிக் குடுத்தா எடுப்பினமோ?”

எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் லீவு சொல்லிவிட்டு நானும் அவளோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த கிளார்க் நாங்கள் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. சரி என்று டீசியை வாங்கினார், இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தர்ஷினி அந்தக் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்தவருக்கு இடம் விட வேண்டுமே என்று நான்தான் அவள் கையைப் பிடித்து நகர்த்தினேன். மகள் மேல்மாடியில் வகுப்பில் இருந்தாள். அவளுக்கு இன்றுவரை இது தெரியாது.